ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப்: 70 விண்ணப்பம், ஒரே ஒரு அழைப்பு, அதுவும் சர்டிஃபிகேட்டில் நிற்கிறது

காளிங்கராயன்_கரை கேட்டது:

வணக்கமுங்க. ஜெர்மனியில எம்.எஸ்ஸி. மெக்கானிக்கல், மூணாவது செமஸ்டர் நடக்குது. தீசிஸ் இன்னும் ஆரம்பிக்கல. பி.ஈ. கோயமுத்தூர்ல, சி.ஜி.பி.ஏ. 8.2. கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில ரெண்டு வருச வேலை. ஜெர்மன் ஏ2, அதாவது ஆரம்பப் படி.

இதுவரைக்கும் 70 எடத்துக்குப் போட்டாச்சுங்க. 61 எடத்துல பதிலே இல்ல. 8 எடத்துல "லைடர்" (வருந்துகிறோம்) மெயில், அதாவது நிராகரிப்பு. ஒரே ஒரு கம்பெனி கூப்பிட்டு, இன்டர்வியூ முடிஞ்சு சரின்னுட்டாங்க: மார்ச் 1-ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும், வாரம் 40 மணி நேரம், மாசம் 1,100 யூரோ. ஆனா "ஃப்ளிஷ்ட்பிராக்டிகும்" அப்படின்னு காலேஜ்ல இருந்து சர்டிஃபிகேட் வேணுமாம். எங்க கோர்ஸ்ல இன்டர்ன்ஷிப் கட்டாயமில்லீங்க.

இப்ப வேர்ஹவுஸ்ல வாரம் ரெண்டு நாள், நாளுக்கு 8 மணி நேரம் போயிட்டிருக்குது.

கேக்கறது மூணுங்க. சர்டிஃபிகேட் இல்லாம இந்த இடத்தைப் புடிக்க வழி உண்டா? வெளிநாட்டு மாணவர் வருசத்துக்கு 140 நாள்தான் வேலை செய்யலாம்ங்கற கணக்குல இது அடங்குமா? மத்த 61 எடத்துல ஏன் சத்தமே இல்ல, சி.வி.யில என்ன தப்பு இருக்கும்?

—

நொய்யல்_வடகரை எழுதியது:

தம்பி, அந்தக் கம்பெனி கேக்கறது வெறும் ஃபார்மாலிட்டி இல்லீங்க. உங்க மூணாவது கேள்விக்கும் பாதி பதில் அதுக்குள்ளதான் இருக்குது.

ஜெர்மனியில இன்டர்ன்ஷிப் ரெண்டு வகை. பரீட்சை விதியிலயே "இத்தனை வாரம் கம்பெனியில இருக்கோணும்"னு எழுதியிருந்தா அது கட்டாய இன்டர்ன்ஷிப், அதாவது ஃப்ளிஷ்ட்பிராக்டிகும். விதியில இல்லாம நாமளா விரும்பிப் போனா அது விருப்ப இன்டர்ன்ஷிப். கட்டாயத்துக்கு மினிமம் வேஜ் சட்டம் பொருந்தாது. விருப்பத்துக்கு, படிப்போட சேர்ந்தது 3 மாசம் வரைக்கும் விலக்கு உண்டு. 3 மாசத்துக்கு மேல ஒப்பந்தம் போட்டா, முதல் நாள்ல இருந்தே மினிமம் வேஜ் குடுத்தாகோணும். நாலாவது மாசத்துல இருந்து மட்டும்னு பல பேர் நெனைக்கறாங்க, அது தப்பு.

2026 ஜனவரியில இருந்து மினிமம் வேஜ் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 40 மணி நேரம்னா மாசம் சுமார் 2,409 யூரோ. உங்களுக்குச் சொன்னது 1,100. அந்தக் கம்பெனி உங்களைக் கட்டாய வகையில வெச்சுத்தான் பட்ஜெட் போட்டிருக்குது. சர்டிஃபிகேட் இல்லாம 6 மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டா, பின்னாடி ஒரு சோதனை வந்தா மீதிக் காசை அவங்க கட்டோணும். அதனாலதான் எச்.ஆர். அந்தக் காகிதத்துல ஒத்தக்கால்ல நிக்கறாங்க.

இதே காரணத்துக்காகத்தான் விளம்பரத்துல கீழ ஒரு வரி வரும்: கட்டாய இன்டர்ன்ஷிப் ஆளுங்க மட்டும்னு. உங்க 70-ல எத்தனை விளம்பரத்துல அந்த வரி இருந்துச்சுன்னு மறுபடி எடுத்துப் பாருங்க. அப்படி இருந்த எடத்துல உங்க சி.வி.யைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க.

இப்ப நாள் கணக்கு. 2024 மார்ச் 1-ல இருந்து வருசத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். அதுக்கு முன்னாடி 120, 240. நாலு மணி நேரம் வரைக்கும் அரை நாள், அதைத் தாண்டி ஒரு நிமிசம் போனாலும் முழு நாள். பாடம் நடக்கற காலத்துல வாரம் 20 மணி நேரத்துக்குள்ள இருந்தா, அதை எப்படிப் பிரிச்சு வேலை செஞ்சாலும் வாரத்துக்கு இரண்டரை நாளுன்னு எண்ணிக்கலாம். எது நமக்கு லாபமோ அதை எடுத்துக்கலாம். வருசம்னா ஜனவரியில இருந்து டிசம்பர். கட்டாய இன்டர்ன்ஷிப் இந்த 140-ல சேராது. விருப்ப இன்டர்ன்ஷிப் சேரும், சம்பளம் இல்லாட்டியும் சேரும். சும்மாதானே போறோம், கணக்குல வராதுன்னு ஏமாந்துடாதீங்க.

எல்லாத்தையும் முழு நாளா எண்ணி உங்களுக்குப் போட்டுப் பார்த்தா: மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 26 வாரம், வாரம் 5 நாள், 130 நாள். ஜனவரி பிப்ரவரி வேர்ஹவுஸ் 8 வாரம், 16 நாள். கூட்டினா 146. ஆறு நாள் எச்சு. அதோட செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒரு நாள்கூட வேலைக்குப் போக முடியாது. பொது விடுமுறையைக் கழிச்சா அடங்கிடும்னு விளிம்புல நிக்காதீங்க. கழிக்காம எண்ணிக்கறதுதான் பத்திரம். 140-ஐத் தாண்டோணும்னா வெளிநாட்டவர் அலுவலகமும் வேலைவாய்ப்பு ஏஜென்சியும் முன்கூட்டியே ஒப்புதல் தரோணும். பர்மிட் புதுப்பிக்கறப்ப சம்பளச் சீட்டு கேட்டா எல்லாம் வெளிய வந்துரும்.

வழின்னு பார்த்தா மூணு இருக்குது.

முதல்ல மாட்யூல் கையேட்டை எடுத்துத் தேடுங்க. "கட்டாயமில்லை"ன்னு எல்லாரும் சொல்றது முதன்மைப் பாடங்களை வெச்சு. ஆனா விருப்பப் பாட வரிசையில "இண்டுஸ்ட்ரீபிராக்டிகும்" (தொழிற்சாலைப் பயிற்சி) அல்லது "ஃபாக்பிராக்டிகும்" (துறைப் பயிற்சி)னு கிரெடிட்டோட ஒரு மாட்யூல் பல கோர்ஸ்ல ஒளிஞ்சிருக்கும். இருந்தா, பரீட்சை அலுவலகத்துல போய், இந்த விதியின்படி இத்தனை வாரம் இன்டர்ன்ஷிப் படிப்பின் பகுதின்னு கடிதம் கேளுங்க. விதியோட பேரு, பிரிவு எண், வாரக் கணக்கு மூணும் அந்தக் கடிதத்துல இருக்கோணும். பேராசிரியர் நல்லெண்ணத்துல எழுதித் தர்ற மெயில் இதுக்கு உதவாது.

ரெண்டாவது, தீசிஸையே அந்தக் கம்பெனியில பண்ணறது. உங்களுக்கு எப்படியும் நாலாவது செமஸ்டர் அதுதானே. தீசிஸுக்கு மட்டுமான ஒப்பந்தம்னா மினிமம் வேஜ் பிரச்சினை இல்ல. ஆனா காலேஜ் பேராசிரியர் ஒருத்தர் தலைப்பை ஏத்துக்கோணும், கம்பெனி ரகசிய ஒப்பந்தம் அவருக்கு ஒத்து வரோணும். இதுல ரெண்டு மாசம் ஓடிப்போகும், இப்பவே ஆரம்பிங்க.

மூணாவது, 3 மாச விருப்ப இன்டர்ன்ஷிப். ஜூலை கடைசியில இருந்து அக்டோபர் கடைசி வரைக்கும் வெச்சா பெரும்பகுதி லீவுக்குள்ள வந்துரும். 13 வாரம், 65 நாள். பாடம் நடக்கற காலத்துல 20 மணி நேரத்துக்கு மேல விருப்ப இன்டர்ன்ஷிப் போனா மாணவர் இன்சூரன்ஸ் சலுகை போயிரும், சம்பளத்துல எல்லாப் பிடித்தமும் வரும். லீவு காலத்துல வைக்கச் சொல்றது அதுக்குத்தான்.

சர்டிஃபிகேட்டை நீங்களே அடிச்சுக் குடுக்கற யோசனையை யாராவது சொல்லுவாங்க. வேண்டாமுங்க. அது போலி ஆவணம், படிப்பும் பர்மிட்டும் சேர்ந்து போகும்.

வேர்ஹவுஸை விட்டுட்டு காலேஜ்லயே ஹிவி வேலைக்குப் போக முடிஞ்சா போங்க. பேராசிரியர்கிட்ட உதவியாளரா செய்யற வேலை 140-ல சேராது. சம்பளம் சித்தெ கம்மியா இருந்தாலும் உங்க நாள் மிச்சமாகும்.

—

குறிச்சி_சிட்கோ எழுதியது:

அண்ணன் சட்டத்தைச் சொல்லிட்டார். நான் சி.வி. பக்கம் வர்றேன்.

கோயமுத்தூர் பவுண்டரியில ரெண்டு வருசம் இருந்தது பெரிய சொத்து. நம்ம பசங்க அதை "கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னி, உற்பத்தியை மேற்பார்வை செய்தேன்"னு ஒத்த வரியில கொன்னுடறாங்க. ஜெர்மன்காரருக்கு அதுல ஒண்ணும் புரியாது. என்ன உலோகம், என்ன எடை, எந்த முறை, என்ன குறை, என்ன மாத்துனீங்க, எவ்வளவு கொறைஞ்சுது, இதுதான் அவருக்கு வேணும்.

உதாரணத்துக்கு இப்படி: "கிரீன் சாண்ட் மோல்டிங், எஸ்.ஜி. அயர்ன் பம்ப் கேசிங், ஒன்று 18 கிலோ. ப்ளோ ஹோல் ரிஜெக்‌ஷன் 7 சதவீதத்தில் இருந்து 4 சதவீதம். மணல் ஈரப்பதத்தை ஷிஃப்ட்டுக்கு ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து கட்டுப்படுத்தினோம்." எண் உங்க கம்பெனியோட உண்மையான எண்ணா இருக்கோணும். இன்டர்வியூவில அதைத்தான் நோண்டுவாங்க. எப்படி அளந்தீங்க, ஒரு லாட்ல எத்தனை காஸ்டிங், ஈரம் குறைஞ்சா என்ன குறை வரும்னு கேட்டா, மணல் உதிரும், சாண்ட் இன்குளூஷன் வரும்னு பட்டுன்னு சொல்லத் தெரியோணும்.

உலோகத்துக்கு நம்ம ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) தரப்பேரை அப்படியே போடாதீங்க. எஸ்.ஜி. 500/7-ன்னு நம்ம சொல்றது அங்க இ.என்.-ஜி.ஜே.எஸ்.-500-7. எஃப்.ஜி. 260-க்குக் கிட்டத்துல வர்றது இ.என்.-ஜி.ஜே.எல்.-250. பவுண்டரிக்கு அவங்க சொல் "கீஸரை", மணல் வார்ப்புக்கு "சாண்ட்குஸ்". விளம்பரத்துல என்ன சொல் இருக்குதோ அந்தச் சொல் சி.வி.யிலயும் இருக்கோணும். காஸ்டிங் சிமுலேஷன்ல மாக்மாசாஃப்ட் தொட்டிருந்தா மேல கொண்டாந்து எழுதுங்க. அந்த மென்பொருள் கம்பெனியே ஜெர்மனியில ஆஹன் நகரத்துலதான் இருக்குது.

மார்க். 8.2-ன்னு மட்டும் போட்டா அவங்களுக்குப் பிடிபடாது, அங்க 1.0-தான் உச்சம், 4.0 பாஸ். மாத்தற சூத்திரம் லேசு: அதிகபட்சம் 10-ல இருந்து 8.2 கழிச்சா 1.8. அதை 3 ஆல பெருக்குனா 5.4. பத்துக்கும் பாஸ் 5-க்கும் உள்ள வித்தியாசம் 5, அதால வகுத்தா 1.08. ஒண்ணு கூட்டினா 2.08. "8.2/10, ஜெர்மன் மதிப்பில் சுமார் 2.1"னு ரெண்டையும் போடுங்க. அது நல்ல மார்க்குதாங்க, மறைக்க வேண்டியதில்ல. உங்க காலேஜ்ல பாஸ் எல்லை 5 இல்லாட்டி அதை மாத்திப் போட்டுக்கோங்க.

இன்னொண்ணு, பல பேர் கோட்டை விடற எடம். சி.வி.யில மேலயே ஒரு வரி: மாணவர் ரெசிடன்ஸ் பர்மிட், பிரிவு 16பி, எந்தத் தேதி வரை செல்லும், வருசம் 140 நாள் வேலை அனுமதி உண்டு. ஸ்பான்சர் பண்ணோணுமோன்னு எச்.ஆர். பயந்துக்கறதுக்கு இதுதான் மருந்து. இன்டர்னுக்கு ஜெர்மனியில கம்பெனி ஸ்பான்சர் பண்ண வேண்டியதே இல்ல, ஆனா சின்ன ஊர் கம்பெனிக்கு அது தெரியாது. பர்மிட் கார்டு இன்டர்ன்ஷிப் நடுவுல காலாவதி ஆகுதுன்னா புதுப்பிக்க ரெண்டு மூணு மாசம் முன்னாடியே விண்ணப்பிச்சு, இடைக்கால அனுமதிச் சீட்டான ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங் வாங்கி வெச்சுக்கோங்க. அந்தச் சீட்டுலயும் வேலை அனுமதி பத்தி எழுதியிருக்குதான்னு பார்த்து வாங்கோணும்.

விண்ணப்பம் மொத்தமும் ஒரே பி.டி.எஃப்.: ஒரு பக்கக் கடிதம், ரெண்டு பக்கத்துக்குள்ள சி.வி., இப்போதைய மார்க் ஷீட், மாணவர் சான்று, பழைய வேலைச் சான்று. 5 எம்.பி.க்குள்ள இருக்கோணும். வேலைச் சான்றுன்னா ரிலீவிங் லெட்டர் இல்லீங்க. சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, எந்த மெஷின், இதெல்லாம் லெட்டர்பேடுல. நம்ம ஊர்ச் சின்ன யூனிட்ல ரெண்டு வரியில எழுதி சீல் வெச்சுக் குடுப்பாங்க, அது அங்க செல்லுபடியாகறதுக்குப் பதிலா சந்தேகத்தைக் கிளப்பும். நீங்களே நகல் எழுதி ஓனருக்கு அனுப்பி, படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. தப்பில்ல, எல்லாரும் பண்ணறதுதான். தேதி எல்லாம் மாசம், வருசம்னு போடுங்க. நடுவுல நாலு மாசம் இடைவெளி இருந்தா விசா வேலை, ஜெர்மன் வகுப்புன்னு அதையும் எழுதிருங்க. வெறும் ஓட்டை இருந்தா ஓரமா வெச்சுருவாங்க.

பேரு பத்தி. நம்ம பக்கம் இனிஷியல் ஒரு எடத்துல முன்னாடி, ஒரு எடத்துல பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிச்சு இருக்கும். பாஸ்போர்ட்ல எப்படியோ அப்படியே சி.வி., மெயில், லிங்க்ட்இன் எல்லாத்துலயும் வெச்சுக்கோங்க. டிகிரி சான்றுல வேற மாதிரி இருந்தா சி.வி.யில ஒரு சின்ன குறிப்பு போதும்.

மொழி விசயத்துல உண்மையைச் சொல்லிடறேன். ஏ2 வெச்சுக்கிட்டு ஷாப் ஃப்ளோர் இன்டர்ன்ஷிப் கெடைக்கறது கஷ்டம். உருகின இரும்பு ஓடற எடத்துல பாதுகாப்புப் பயிற்சி ஜெர்மன்லதான் நடக்கும், புரியாத ஆளை உள்ள விடறது அவங்களுக்குப் பொறுப்புப் பிரச்சினை. சிமுலேஷன், டேட்டா, ஆர் அண்ட் டி பக்கம் இங்கிலீஷ்ல ஓட்டலாம். அதனால அடுத்த படியான பி1 முடியற வரைக்கும் விண்ணப்பத்தை அந்தப் பக்கம் திருப்புங்க. ஊர்ல இருக்கற தம்பி தங்கச்சிக யாராச்சும் இதைப் படிச்சா, விசா வர்றதுக்கு முன்னாடியே ஊர்ல பி1 முடிச்சுருங்க. அங்க போய்ப் படிப்பு, வேலை, சமையலோட சேர்த்துப் படிக்கறது ரொம்ப சிரமம்.

—

சென்னிமலை_தறி எழுதியது:

எங்கே போடுவது என்பதில் ஒரு வார்த்தை. கார் கம்பெனி, பெரிய எலக்ட்ரிகல் கம்பெனி என்று ஊர் முழுக்கத் தெரிந்த பேருக்கே எல்லாரும் குவிகிறார்கள். கொங்கு நாட்டு ஆளுக்கு வேறு வாசல்கள் உண்டு. திருப்பூர் நிட்டிங் யூனிட்டில் யாரைக் கேட்டாலும் குரோஸ்-பெக்கர்ட் ஊசி தெரியும். அந்தக் கம்பெனியின் தலைமையகம் ஆல்ப்ஸ்டாட் என்ற சிறிய ஊரில். மில்லில் கார்டிங் மெஷின் பார்த்தவருக்கு ட்ருட்ஷ்லர் தெரியும், அது மன்ஷன்கிளாட்பாக்கில். பம்ப், வால்வு என்றால் கே.எஸ்.பி., தலைமையகம் ஃபிராங்கன்டால், கோவையிலேயே தொழிற்சாலை வைத்திருப்பவர்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு எழுதும் கடிதத்தில் "உங்கள் இயந்திரம் ஓடுகிற ஊரில் இருந்து வருகிறேன், பராமரிப்பில் என்ன சிக்கல் வருகிறது என்று அருகில் இருந்து பார்த்தவன்" என்று எழுத ஒரு ஜெர்மன் மாணவனால் முடியாது. உண்மையாகவே பார்த்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.

சிறிய ஊரில் போட்டி குறைவு, வாடகையும் குறைவு. பஸ் மாலையோடு நின்றுவிடும், அறை கிடைக்குமா என்று கையெழுத்துக்கு முன்பே எச்.ஆரிடம் கேளுங்கள்.

கண்காட்சிகளை விடாதீர்கள். ஹானோவர் மெஸ்ஸே ஆண்டுதோறும் வசந்தத்தில். வார்ப்புத் துறைக்கான கீஃபா நான்கு ஆண்டுக்கு ஒரு முறை டுசல்டார்ஃபில், அடுத்தது 2027. ஜவுளி இயந்திரங்களுக்கான ஐ.டி.எம்.ஏ.வும் 2027 செப்டம்பரில் ஹானோவரில். ஸ்டாலில் நிற்கிற விற்பனை ஆளிடம் சி.வி.யை நீட்டிப் பயனில்லை. டெக்னிகல் ஆள் எப்போது இருப்பார் என்று கேட்டு, அந்த நேரத்துக்குப் போய், அவர்கள் மெஷினைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்டு, மெயில் முகவரி வாங்கி, அன்று பொழுதோடு எழுதிவிட வேண்டும்.

—

பெருந்துறை_சந்திப்பு கேட்டது:

இடையில வர்றதுக்கு மன்னிக்கோணும். எங்க அக்கா பையன் அமெரிக்காவுக்கு எம்.எஸ். போறான், ஜனவரி இன்டேக். அங்கயும் இந்த நாள் கணக்கு உண்டுங்களா? கோடையில இன்டர்ன்ஷிப் போயிரலாம்னு சொல்லிட்டிருக்கறான்.

—

வாலாங்குளம்_மேடு எழுதியது:

அக்கா, அங்கே முறையே வேறு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குப் படிப்பு நடக்கும்போது கேம்பஸுக்கு வெளியே இன்டர்ன்ஷிப் என்றால் சி.பி.டி. (படிப்போடு சேர்ந்த செய்முறைப் பயிற்சி) அனுமதி வேண்டும். அதைத் தருவது பல்கலையின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி. கம்பெனி அரசுக்கு எந்த மனுவும் போட வேண்டாம், கட்டணமும் இல்லை.

ஜனவரி இன்டேக்கில் ஒரு முக்கியமான சிக்கல். சி.பி.டி.க்கு ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு மே மாதத்துக்குள் இரண்டு செமஸ்டர் முடிந்துவிடும், முதல் கோடையிலேயே போகலாம். ஜனவரியில் சேர்ந்தவருக்கு மே மாதம் ஒரு செமஸ்டர்தான் முடிந்திருக்கும். பெரும்பாலான பல்கலைகளில் அந்தக் கோடை கைவிட்டுப் போகும், அடுத்த கோடைதான். அப்படியானால் அவர் கையில் இருப்பது ஒரே ஒரு கோடை. அட்மிஷனை ஆகஸ்டுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள்.

வரிசை இப்படிப் போகும். ஆஃபர் லெட்டரில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, வார மணிநேரம், வேலை செய்யும் முகவரி, என்ன வேலை என்பது எல்லாம் இருக்க வேண்டும். படிக்கும் துறையோடு வேலை பொருந்த வேண்டும். துறை ஆலோசகர் ஒப்புதல், பல இடங்களில் ஒரு கிரெடிட் இன்டர்ன்ஷிப் பாடம் பதிவு. கோடையில் அந்த ஒரு கிரெடிட்டுக்கும் ஃபீஸ் உண்டு. பிறகு டி.எஸ்.ஓ. புதிய ஐ-20 (பல்கலை தரும் மாணவர் தகுதிச் சான்று) தருவார், இரண்டாம் பக்கத்தில் கம்பெனி பெயரும் தேதிகளும் அச்சாகி இருக்கும். அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் லாகின் செய்தாலும் அது அனுமதியில்லாத வேலை. கம்பெனி மாறினால் புதிய சி.பி.டி. சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு வேலை தொடங்குவதற்கு 30 நாளுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். அதுவே பேங்க், சம்பளச் சீட்டு, சோஷியல் செக்யூரிட்டி என்று எல்லா இடத்திலும் துரத்தும். கோவை பாஸ்போர்ட் அலுவலகத்தில் பெயரை இரண்டாகப் பிரித்துத் திருத்திக்கொண்டு பிறகு ஐ-20 வாங்குவது நல்லது.

முழுநேர சி.பி.டி. 12 மாதம் ஆனால் அந்தப் படிப்புக்கான ஓ.பி.டி., அதாவது படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலைப் பயிற்சி அனுமதி, போய்விடும். வாரம் 20 மணிநேரத்துக்குள் இருக்கும் பகுதிநேரம் இந்தக் கணக்கில் சேராது.

விண்ணப்பத்தில் இரண்டு கேள்வி வரும். "சட்டப்படி வேலை செய்ய அனுமதி உண்டா" என்பதற்கு, சி.பி.டி. மூலம் உண்டு. "இப்போதோ எதிர்காலத்திலோ ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா" என்பதற்கு, நீண்ட நாள் வேலைக்குத் தேவைப்படும் என்பதால் ஆம் என்பதே நேர்மையான பதில். அந்த ஆம் என்ற சொல்லிலேயே பல கம்பெனிகளின் கணினி விண்ணப்பத்தைக் கழித்துவிடும். அதுதான் அங்கே பெரிய தடை. அதற்காகப் பொய் சொல்லக் கூடாது. ரிக்ரூட்டரிடம் நேரில் பேசும்போது, "இன்டர்ன்ஷிப்புக்கு உங்கள் பக்கம் மனுவோ கட்டணமோ வேண்டாம், என் பல்கலையே அனுமதி தரும்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழக வேண்டும். பாதுகாப்பு, விண்வெளி சம்பந்தப்பட்ட விளம்பரத்தில் "யூ.எஸ். பெர்சன்" என்று இருந்தால் நேரத்தை வீணாக்காமல் தாண்டிப் போகட்டும்; அது குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு. கோடை வேலைக்குப் பெரிய கம்பெனிகள் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கதவைத் திறந்துவிடும்.

சம்பளம் வந்தால் முதல் சீட்டைப் பாருங்கள். எஃப்-1 மாணவருக்கு முதல் 5 காலண்டர் ஆண்டுகள் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கிடையாது. தெரியாமல் 7.65 சதவீதம் பிடித்திருந்தால் முதலில் பேரோல் ஆட்களிடம் திருப்பிக் கேட்க வேண்டும். அவர்கள் தராவிட்டால் வரித் துறைக்குப் படிவம் 843.

இங்கிலாந்து போகிறவர்களுக்கும் ஒரு வரி: ஓராண்டு மாஸ்டர்ஸில் கோடை டிசர்டேஷன் காலமும் பாடக் காலமாகவே கணக்கு. வாரம் 20 மணிநேரம்தான். அந்தக் கோடையில் முழுநேர இன்டர்ன்ஷிப் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், அது கோர்ஸிலேயே சேர்ந்த பிளேஸ்மென்ட் என்றால் தவிர.

—

குறிச்சி_சிட்கோ எழுதியது:

இதோட ஒண்ணு. இன்டர்ன்ஷிப் வாங்கித் தர்றோம், முன்பணம் கட்டுங்கன்னு வாட்ஸ்அப் குரூப்ல வர்றவங்ககிட்ட காசு குடுக்காதீங்க. அமெரிக்கப் பக்கம், சேர்ந்த முதல் நாளே சி.பி.டி. தர்றோம்னு ஆள் புடிக்கறதும் நடக்குது. சில மாஸ்டர்ஸ் கோர்ஸ்ல முதல் செமஸ்டர்லயே பயிற்சி கட்டாயம்னு விதி இருக்கும், அது சட்டத்துலயே உண்டு. வேலைக்குப் போறதுக்காகவே நடத்தற கோர்ஸ்னா பின்னாடி எச்-1பி, விசா புதுப்பிப்புன்னு வர்றப்ப அதிகாரி நோண்டுவார். ஒறம்பரை சொன்னாங்க, காந்திபுரத்துல ஆபீஸ் இருக்குதுன்னு நம்பிக் கட்டறதுக்கு முன்னாடி, பல்கலையோட சர்வதேச அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டா ரெண்டு நாள்ல உண்மை தெரிஞ்சுரும்.

—

காளிங்கராயன்_கரை எழுதியது:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பரீட்சை அலுவலகத்துல கேட்டாச்சு. விருப்பப் பாட வரிசையில இண்டுஸ்ட்ரீபிராக்டிகும் இருக்குதுங்க, 12 வாரம். விதி எண் போட்டுக் கடிதம் தர்றேன்னுட்டாங்க. ஆனா கம்பெனி 6 மாசம் வேணுங்குது. 26 வாரத்துக்கும் இந்தக் கடிதம் போதுமுங்களா?

விளம்பரத்தையும் எண்ணிப் பார்த்தேன். 70-ல 38 எடத்துல அந்த வரி இருந்துச்சுங்க.

—

நொய்யல்_வடகரை எழுதியது:

போதாதுங்க. விதியில 12 வாரம்னா 12 வாரம் மட்டும்தான் கட்டாயம். மீதி 14 வாரம் விருப்பம்னு ஆயிரும், அதுவும் 3 மாசத்தைத் தாண்டுது.

கம்பெனிக்கு இப்படி எழுதிப் பாருங்க. மார்ச் 1-ல இருந்து 12 வாரம் கட்டாய இன்டர்ன்ஷிப், வாரம் 40 மணி நேரம், 1,100 யூரோ, அவங்க சொன்னபடியே. அது முடிஞ்ச அடுத்த வாரத்துல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் வெர்க் ஸ்டூடன்ட் (படிச்சுக்கிட்டே பகுதிநேரம் வேலை செய்யற மாணவர்) ஒப்பந்தம், வாரம் 20 மணி நேரம், மினிமம் வேஜ். 13.90 போட்டா மாசம் சுமார் 1,205 யூரோ வருது. அதுல ஓய்வூதியப் பிடித்தம் போக மீதி கைக்கு வரும். மாணவர் ஹெல்த் இன்சூரன்ஸ் நீங்க எப்பவும் போலத் தனியாக் கட்டோணும். கம்பெனிக்குப் பட்ஜெட் கிட்டத்தட்ட அதே, ஆள் 6 மாசமும் இருப்பார்.

நாள் கணக்கு: முதல் 12 வாரம் சேராது. பின் 14 வாரம், வாரத்துக்கு இரண்டரை வீதம் 35 நாள். ஜனவரி பிப்ரவரி வேர்ஹவுஸ் 16. மொத்தம் 51. டிசம்பர் வரைக்கும் இன்னும் 89 நாள் கையில இருக்கும். ஆனா மார்ச்ல இருந்து வேர்ஹவுஸை நிறுத்திருங்க. ரெண்டு வேலையும் சேர்ந்து வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டுனா வெர்க் ஸ்டூடன்ட் இன்சூரன்ஸ் சலுகை ரத்தாயிரும்.

ரெண்டும் தனித்தனி ஒப்பந்தமா வாங்குங்க, ஒரே காகிதத்துல வேண்டாம். முதல் ஒப்பந்தத்துல "பரீட்சை விதியின்படி கட்டாய இன்டர்ன்ஷிப்"ங்கற வாசகமும் கடிதத்துல இருக்கற அதே விதி எண்ணும் இருக்குதான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.